கம்பம் பிடுங்கும் வரை

ஏப்ரல் 8, செவ்வாய்

பால் காலை 418 லிட்டர், மாலை 362. மாலையில் குறைந்ததற்கு மாடுகளைக் குற்றம் சொல்ல முடியாது. நாளைக்கு மாவிளக்கு, வீட்டுக்கு வீடு நெய்க்கென்று பாலை நிறுத்திக்கொண்டார்கள். பால் சங்கத்துக்குச் செயலாளராக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியாயிற்று. மாரியம்மன் நோம்பி வந்தால் பால் குறையும் என்பதை மேலிடத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை.

அம்மன் முன்னால் கம்பம் நட்டு எட்டு நாள் ஆகிறது. நாளை சாயங்காலம் அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவது நான். நாச்சிமுத்து ஆகிய நான். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. பதினெட்டு வருடம் அந்தப் பாத்தியம் பங்காளி சென்னியப்பன் வீட்டில் இருந்தது. கம்பம் நிற்கிற வரைக்கும் கையில் காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வீட்டில் ஒருவன் தாண்டினாலும் பாத்தியம் அடுத்த பங்காளிக்குப் போய்விடும். போன வருடம் மருமகளுக்குப் பிரசவ வலி என்று சென்னியப்பன் காப்போடு காரில் ஏறித் திருப்பூருக்குப் போனான். பூக் கேட்டுவிட்டுத்தான் போனேன், அம்மன் வெள்ளை கொடுத்தாள் என்று கூட்டத்தில் சொன்னான். வெள்ளரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் மடித்து அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. பூக் கொடுத்தால் அம்மனுக்குக் கோபம் இல்லை என்றுதான் அர்த்தம், எல்லையைத் தாண்டியவனுக்குப் பாத்தியம் எப்படி நிற்கும் என்று எழுந்து கேட்டது நான்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். நியாயம் நியாயம்தானே.

தம்பி குழந்தைவேலுவும் என்னோடு காப்புக் கட்டியிருக்கிறான். ஊரில் வயரிங் வேலைக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. கோயில் விளக்கு அலங்காரம் முழுக்க அவன் பொறுப்பு. வாசல் வளைவுக்கு மட்டும் பல்பு பாக்கி, காலையில் முடித்துவிடுகிறேன் என்றான்.

ஏப்ரல் 9, புதன்

கம்பம் நல்லபடியாக எடுத்தாயிற்று. சாயங்காலம் ஐந்து ஐம்பது. பரிவட்டம் கட்டினார்கள். வேலுவுக்கு அடிபட்டுக் கோவைக்கு வந்திருக்கிறோம். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

வேலுவை விடியற்காலை ஐந்தரைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். இப்போது மணி ஒன்பது. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் மனைவி மலர்க்கொடி நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். காப்பி வாங்கிக் கொடுத்தேன். ஆடை கட்டிப்போய் அப்படியே இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நேற்றுக் காலை ஒன்பது பத்து, மேளக்காரர்கள் வந்து இறங்கிய நேரம், வளைவில் சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தவன் ஏணி சறுக்கி விழுந்தான். பதினைந்தடி இருக்கும். படிக்கட்டு விளிம்பில் இடுப்பு பட்டது. அலறவெல்லாம் இல்லை. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போய் மடப்பள்ளியில் அரிசி மூட்டையில் சாய்த்து உட்காரவைத்தோம். கால் மரத்தாற்போல இருக்கிறது என்றான். விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினான். எலும்பு முறிந்திருந்தால் ஆட்டுவானா? சுளுக்கு வழிக்கிறவரைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டு இடுப்பை உருவிவிடச் சொன்னேன். செய்ய வேண்டியதைச் செய்தேன்.

பதினொரு மணிக்கு மலர்க்கொடி வந்து நின்றாள். "காப்பக் கழட்டி வெச்சுட்டுப் போலாமுங்க மாமா, எனக்கென்னமோ பயமா இருக்குது" என்றாள். கம்பம் நிற்கும்போது காப்பைக் கழற்ற முடியாது என்பது அவளுக்கும் தெரியும். சரி, பூக் கேட்கலாம் என்று பூசாரி ஆண்டியப்பனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். சிவப்பு வந்தது. வெளியே வந்து எல்லாருக்கும் காட்டினேன். அதற்கு மேல் மனிதன் என்ன செய்ய முடியும். சாயங்காலம் வரைக்கும்தானே என்று எல்லாரும்தான் சொன்னார்கள்.

மத்தியானம் சிறுநீர் பிரியவில்லை என்றான். வெயிலில் மோர் குடிக்காமல் ஏணியில் நின்றால் அப்படித்தான். மூன்று மணிக்குப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தான். விரலை ஆட்டச் சொல்லவில்லை. தூங்குகிறவனை எதற்கு எழுப்புவது.

கம்பம் கிணற்றில் விழுந்ததும் நான் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆறே காலுக்கு ஆம்னி வேனில் ஜமக்காளம் விரித்துப் படுக்கவைத்துக் கிளம்பினோம். எட்டு ஐந்துக்கு ஆஸ்பத்திரி.

டாக்டர் ரெஹானா என்று ஒரு பெண்மணி. முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிறவர். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், பேச்சில் வளவளப்பு இல்லை. குண்டூசியால் காலிலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். தொப்புளுக்குக் கீழே நாலு விரல்கடை வந்த பிறகுதான் வேலு முகம் சுளித்தான். எப்போது விழுந்தார், விழுந்ததும் கால் அசைந்ததா என்று கேட்டார். மலர்க்கொடி அப்போது சீட்டுப் போடுகிற இடத்தில் நின்றாள். சீட்டில் மாலை நாலரை என்றும் அசைவு இல்லை என்றும் ஏறிவிட்டது. வேலுவிடமும் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் சொன்னாப்பலதானுங்க" என்றான்.

எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால் தண்டுவட வீக்கத்துக்கு ஒரு மருந்து ஆரம்பிப்பதாகச் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏறுமாம். நல்ல மருந்து போலிருக்கிறது.

ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். முதுகும் இடுப்பும் சேருகிற இடத்தில் ஓர் எலும்பு நொறுங்கி, அதன் சில்லு தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறது. சில்லை எடுத்து, மேலேயும் கீழேயும் எலும்பில் திருகாணி இறக்கி, கம்பி கொடுத்து நிறுத்த வேண்டும். கால் வருமா என்று கேட்டேன். அழுத்தத்தை எடுக்கிறதுதான் என்னால முடியும், மத்தது தண்டுவடம் எவ்வளவு தாங்கிச்சுங்கறதப் பொறுத்தது என்றார்.

தியேட்டருக்குள் போகும் முன் ஒரு நர்ஸ் வந்து வேலுவின் கையிலிருந்த காப்பைப் பார்த்தாள். கிளம்பிய அவசரத்தில் அவிழ்க்க மறந்துவிட்டோம். கத்தரிக்கோலை எடுத்து வெடுக்கென்று வெட்டிக் குப்பை வாளியில் போட்டாள். அரை நொடிகூட ஆகவில்லை.

பத்தே காலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

சங்கத்துக்குப் போன் போட்டேன். காலைப் பால் 405. விரல் அசையவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கேன்டீனில் பாயசம் ஊற்றினார்கள், பச்சைத் தண்ணீரில் சர்க்கரை போட்ட பதம். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடுவேன். அதில் பால் இருந்ததா என்பதே சந்தேகம்.

வேலுவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், காலில் ஒருவர். மூன்று பேரும் ஒரே சமயத்தில், மரக்கட்டையைப் புரட்டுவது போல, முதுகு வளையாமல் புரட்ட வேண்டும். எப்படிக் கூட்டிவந்தீர்கள், யார் தூக்கினார்கள் என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டார். விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கவே கூடாது, பலகையில் நேராகக் கிடத்தித்தான் தூக்க வேண்டும், உட்காரவைப்பது அதைவிட மோசம் என்றார். இதெல்லாம் விழுவதற்கு முன்னால் யாராவது சொன்னால்தானே ஆகும். கோயிலில் ஏது பலகை.

நான் இடுப்பைப் பிடித்துத் திருப்பக் கற்றுக்கொண்டேன். சிறுநீர்ப் பையைக் காலி செய்து அளவு எழுதுவதும் என் வேலை. அளந்து எழுதுவது எனக்குக் கைவந்த கலை.

அப்பா போனபோது வேலுவுக்கு ஐந்து வயது, எனக்கு இருபது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, ஐ.டி.ஐ.யில் படிக்கவைத்தது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் நான். எதற்காக இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

மத்தியானம் சென்னியப்பன் போனில் வந்தான். பக்கத்தில் ஆள் இருப்பதைக் கவனிக்காமல் சத்தமாக வைத்துவிட்டேன். "நான் மருமகளுக்கு வலின்னதும் ஓடுனவன். நீ கூடப்பொறந்தவன் கெடக்கறப்பவும் எல்லையத் தாண்டுல. நீ வேறப்பா" என்றான். பதினெட்டு வருடத்தில் என்னைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை. மலர்க்கொடி டிபன் டப்பாவைக் கழுவப் போனவள் அரைமணி நேரம் திரும்பவில்லை.

ஏப்ரல் 16, புதன்

காய்ச்சல் 102. ஆபரேஷன் செய்த இடத்தில் சிவந்து நீர் கசிகிறது. பால் 410.

ஏப்ரல் 18, வெள்ளி

தையலைப் பிரித்து மறுபடி தியேட்டருக்குள் கொண்டுபோய்ச் சீழை எடுத்துக் கழுவினார்கள். ஒன்றரை மணி நேரம். திருகாணிகளை எடுக்கவில்லை, எடுத்தால் முதுகு நிற்காது. ஆறு வாரத்துக்கு நரம்பு வழியாக மருந்து.

டாக்டர் ரெஹானா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். புண்ணில் சீழ் பிடிப்பது யாருக்கும் நடக்கலாம், ஆனால் முதல் நாள் கொடுத்த ஸ்டீராய்டு மருந்து அந்த ஆபத்தைக் கூட்டும் என்றார். அது தெரிந்துதான் கொடுத்தேன், எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குச் சில பேருக்குக் கொடுப்போம், அதற்கு மேல் போனால் பலன் இல்லை, கெடுதல்தான் மிச்சம், இவர் நாலு மணி நேரத்திற்குள் வந்ததால் கொடுத்தேன் என்றார்.

"நாலு மணி நேரமுங்களா?" என்றாள் மலர்க்கொடி. "அவரு உழுந்தது காலைல ஒம்பது மணிக்குங்க டாக்டரம்மா."

டாக்டர் ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். பதற்றத்தில் சொல்லியிருப்பேன் என்றேன். பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் போட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

மலர்க்கொடி விடவில்லை. "காலைல வெரல ஆட்டுனாரு, நானே பாத்தனுங்க. அப்பவே வந்திருந்தா?"

டாக்டர் ஃபைலை மூடினார். "நடந்திருப்பாருன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ஆனா அசையற காலோட வர்றவங்களுக்கு வாய்ப்பு நிறைய. அசைஞ்ச கால் நின்னுபோச்சுன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கு ராத்திரியே, வந்த ஒரு மணி நேரத்துல உள்ள கொண்டுபோயிருப்பேன். விழுந்ததுல இருந்து அசைவே இல்லைன்னதால முன்னாடி இருந்த கேஸ முடிச்சுட்டு விடியக்காலம் எடுத்தேன்" என்றார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படித்தவர்களுக்கு எதையும் மறைத்துப் பேச வருவதில்லை.

வெளியே வந்ததும் மலர்க்கொடி என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "இனிமே நீங்க அவரத் தொட்டுத் திருப்ப வேண்டாமுங்க மாமா."

ஏப்ரல் 19, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஊருக்குப் போய்ச் சங்க வேலையைப் பார்த்துவிட்டு வந்தேன். பால் 431. வேலுவின் மகள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா எப்போது நடந்து வருவார் என்று என் மனைவி ருக்மணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் என்று ருக்மணி சொல்லிவைத்திருக்கிறாள். இப்படிச் சொல்வதற்கு இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று சத்தம் போட்டேன்.

ஊரில் டீக்கடையில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

நாலரை என்று சொன்னது நான்தான், விழுந்ததும் கால் அசையவில்லை என்று சொன்னதும் நான்தான். சீட்டில் தானாக ஏறவில்லை.

ஏன் சொன்னேன் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஒன்பது மணிக்கு விழுந்தவரை ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டிவந்தால், இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். கம்பம் என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? அவர் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தார், வேலு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான், என் நெற்றியில் பரிவட்டத் துணியின் தழும்புகூடப் போகவில்லை. வாயில் நாலரை வந்துவிட்டது. நாலரை என்று சொன்னால் நாலரைக்குச் செய்கிற வைத்தியத்தைத்தான் செய்வார்கள் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாலில் தண்ணீர் கலந்துவிட்டு, கலக்கவில்லை என்று சத்தியம் செய்கிறவனை எத்தனை பேரை நான் சங்கத்தை விட்டு விலக்கியிருக்கிறேன்.

ஆனாலும் அம்மன் உத்தரவு இல்லாமல் எப்படிக் கிளம்ப முடியும்? அதையும் யோசிக்க வேண்டும்.

மே 1, வியாழன்

மலர்க்கொடிக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் என்னைத் திருப்பவிட்டாள். வேலு பழையபடிதான் பேசுகிறான். ஊரில் பாதியில் நிற்கிற வயரிங் வேலைகளைச் சொல்லி, யார் யாருக்கு எந்தக் கடையில் வயர் வாங்கித் தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னான். டாக்டரிடம் அன்றைக்கு ஏன் நான் சொன்னதையே சொன்னாய் என்று கேட்டுவிட்டேன். சிரித்தான். "நீங்க ஒண்ணு சொன்னா அதுல ஏதாச்சும் காரணம் இருக்குமுங்ணா" என்றான்.

நான் அப்படியே குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 4, ஞாயிறு

பூசாரி ஆண்டியப்பன் பஸ் ஏறி வந்திருந்தான். திருநீறு, எலுமிச்சம்பழம், அம்மன் மஞ்சள். மலர்க்கொடி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். வந்தவன் வேலுவைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். குடித்திருந்தானோ என்று பார்த்தேன், இல்லை. பதினைந்து நாளாகத் தூக்கமில்லையாம்.

"மொதப் பொட்டலத்துலயே அம்மா வெள்ளையத்தானுங்க குடுத்தா. ரெண்டாவதும் வெள்ளைதான். போதும் உட்டுருங்கன்னு அப்பவே சொன்னனே. நீங்கதான கேக்கல" என்றான்.

வாயை மூடு என்று கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

வேலு சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தான். நாங்கள்தான் அப்படிப் படுக்கவைத்திருந்தோம், அவனாகத் திரும்ப முடியாது. தூங்கியிருப்பான். இரண்டு மணிக்கு இந்தப் பக்கம் திருப்பியபோது கண் திறந்திருந்தது. தூங்கினாயா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். மருந்து மயக்கமாக இருக்கலாம்.

மே 5, திங்கள்

மருந்து மயக்கம் இல்லை.

இரண்டு முறை வெள்ளை வந்தது. மூன்றாவதில் சிவப்பு. சிவப்பு வந்தது பொய்யில்லை, அதைத்தான் எல்லாருக்கும் காட்டினேன். மூன்றாவதும் வெள்ளையாக வந்திருந்தால் நாலாவது எடுத்திருப்பேன். வெள்ளை என்றால் வேலு போகலாம், அம்மனுக்குக் கோபமில்லை. ஆனால் பாத்தியம் போய்விடும். அதைச் சட்டமாக்கியது நான்தானே. வெளியே சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏழு மணி நேரம் பொறுத்தால் பரிவட்டம். இடுப்பில் ஓர் அடிதானே என்று நினைத்தேன்.

இதுதான் நடந்தது. இருபத்திரண்டு வருட நாட்குறிப்பில் இந்த ஒரு பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 30, வெள்ளி

ஊருக்குக் கூட்டிவந்துவிட்டோம். வாசற்படியை இடித்துச் சரிவு கட்டினேன். கதவுநிலை அகலம் போதாமல் சக்கர நாற்காலி இரண்டு பக்கமும் உராய்கிறது. கொத்தனார் நாளை வருவதாகச் சொல்லி மூன்று நாள் ஆகிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானே குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க வேலு கற்றுக்கொண்டான். நான் பாத்திரம் பிடித்து உதவப் போனேன். வேண்டாமுங்ணா, வெளிய இருங்க என்றான். வேண்டாம், போதும், சரி. இப்போதெல்லாம் என்னிடம் அவன் பேசுவது இவ்வளவுதான்.

வண்டியை விட்டு இறக்கும்போது தெருவில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி வந்து அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அது அவனுக்குத் தெரியவில்லை, குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பால் 388. மழை இல்லை, தீவனம் இல்லை.

நேற்றுக் கோவைக்குப் பரிசோதனைக்குப் போனோம். வலது தொடையில் கொஞ்சம் உணர்ச்சி வந்திருக்கிறது. அசைவு இல்லை. டாக்டர் ரெஹானா படத்தைப் பார்த்து, கம்பி நன்றாகப் பிடித்துவிட்டது, புண்ணும் சுத்தமாக ஆறிவிட்டது என்றார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. முதுகு கல்லாக நிற்கிறது. கால் பற்றி மலர்க்கொடி கேட்டதற்கு, இன்னும் எட்டு மாதம் பார்ப்போம், ஆனால் வீட்டை நாற்காலிக்குத் தகுந்த மாதிரி முழுசாக மாற்றிவிடுங்கள் என்றார். அதுதான் பதில் என்று மூன்று பேருக்கும் புரிந்தது.  அவிநாசி தாண்டியதும் வேலு பாட்டு வைக்கச் சொன்னான்.

வீட்டுத் தாழ்வாரத்தில் மேசை போட்டு மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் பார்க்கிறான். ஊரில் நன்றாக இருக்கிற மிக்ஸியைக்கூடக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் திறந்து பார்த்துவிட்டு, இதுல ஒண்ணுமில்லீங்க என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

நவம்பர் 3, திங்கள்

பூசாரி ஆண்டியப்பன் இறந்துபோனான். நெஞ்சு வலி. பாவி என்று முதலில் நினைத்தேன். பிறகு, இனிமேல் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பதினொரு மணிக்குக் கோயிலில் கூட்டம். இந்த வருடம் நோம்பி தொடங்கும் பூச்சாட்டு என்றைக்கு, கம்பம் யார் எடுப்பது என்று பேசி முடிப்பது வழக்கம். பேச என்ன இருக்கிறது. எல்லை தாண்டாத வீடு, எனவே நான்தான். சென்னியப்பனே முன்மொழியப் போவதாக நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனான். இடுப்பில் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். இறக்கிவிட்டதும் பயல் தாழ்வாரம் முழுக்க ஓடி, வேலுவின் மேசையைச் சுற்றி மூன்று சுற்று வந்தான்.

ராத்திரியெல்லாம் முடிவு செய்துவிட்டேன். கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடுவது. வெள்ளை வந்தது, இரண்டு முறை வந்தது, நான் மறைத்தேன். பாத்தியம் போகட்டும், செயலாளர் பதவி போகட்டும், முகத்தில் காறித் துப்பட்டும். ஆனால் முதலில் வேலுவிடம் சொல்லாமல் ஊரிடம் சொல்லக் கூடாது. மலர்க்கொடி தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். மேசையில் ஒரு மின்விசிறி மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

சொன்னேன். பத்து மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அவனிடம் முழுசாகச் சொன்னேன். அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் தம்பி முன்னால் அழுதது வெட்கமாக இல்லை. இன்றைக்குக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன், சொன்னால்தான் எனக்குப் பாரம் இறங்கும் என்றேன்.

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"வேண்டாமுங்ணா. சொல்லாதீங்க" என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க எறக்கி வெச்சுட்டுப் போயிருவீங்க. நான் எங்கீங்ணா போறது? ஊருக்குள்ள என்னையப் பாக்கறவங்க, அம்மனுக்குக் கால் குடுத்தவன்னு கும்புடறாங்க. அது பொய்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அதப் புடிச்சுட்டுத்தான் இந்த நாக்காலில உக்காந்து தெருவுல போறேன். உங்களுக்குப் பரிவட்டம் கட்டறதுக்காகப் போச்சுன்னு தெரிஞ்சா என்னைய என்னன்னு பாப்பாங்க? எம் புள்ளைய என்னன்னு பாப்பாங்க?"

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். அவன் என்னை நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

"மலருக்கும் சொல்லாதீங்க. அவளுக்கு இப்ப உங்க மேல கோவம் மட்டுந்தான். அது போதும். போய் மாலைய வாங்கிக்குங்க. வருசா வருசம் வாங்கிக்குங்க. அது உங்களுக்கு நல்லா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

பிறகு மோட்டாரை எடுத்து மறுபடி வேலையைப் பார்க்க ஆரம்பித்தான்.  சட்டையை மாற்றிக்கொண்டு, முகம் கழுவிக்கொண்டு, பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போனேன். எழுபது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சென்னியப்பன்தான் மாலை போட்டான். குனிந்து வாங்கிக்கொண்டேன்.